ஓரத்தில் எழுதிய இரண்டாவது எண்

எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்று வருடம் நான் சிங்கப்பூரில் முட்டை உடைத்துப் பிழைத்தேன். உத்தியோகத்தின் பெயர் இன்னும் கொஞ்சம் கௌரவமானது: முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். படித்து முடித்தும் நிரந்தர வேலை கிடைக்காத ஒருவனை இதைவிட மரியாதையாக அழைக்க முடியாது. என் ஒப்பந்தம் வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும், அல்லது புதுப்பிக்கப்படாது. ஆகவே வருடத்தில் பத்து மாதம் விஞ்ஞானியாகவும் இரண்டு மாதம் விண்ணப்பதாரனாகவும் இருந்தேன்.

சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் தெரிந்தவர்கள் விசாரித்தால் என் மனைவி, "கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றாரு" என்று சொல்லிவிட்டு வெண்டைக்காய் பொறுக்கப் போய்விடுவாள். முட்டையைப் பற்றி மூச்சு விடமாட்டாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. வேலையில் பாதி கம்ப்யூட்டர்தான். நான் எழுத வந்தது மற்றப் பாதியைப் பற்றி. அந்தப் பாதியை நான் செய்யவில்லை.

கோழி முட்டையை அடைகாக்கும் பெட்டியில் ஒன்றரை நாள் வைத்துத் திறந்தால், மஞ்சள் கருவின் மேல் ஒரு சின்ன வெள்ளைக் கோடு தெரியும். கோழி அதுதான். அந்தக் கோட்டின் இரு பக்கமும் கடுகைவிடச் சிறிய கட்டிகள் ஜோடி ஜோடியாக நிற்கும். பிற்பாடு முதுகெலும்பாகப் போகிறவை. பூக்கட்டுகிறவர் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு வைத்து முடிச்சுப் போடுவாரே, அது போலத் தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாக, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஜோடி. பாடப்புத்தகத்தில் அவற்றுக்கு வாயில் நுழையாத பெயர் உண்டு. நாங்கள் முடிச்சு என்றோம். அளவுகோல் இல்லாமல், மேற்பார்வையாளர் இல்லாமல், ஒப்பந்தம்கூட இல்லாமல், ஒரு கரு இத்தனை ஒழுங்காக எப்படி முடிச்சுப் போடுகிறது என்பது எங்கள் கேள்வி.

பதில் என்னிடம் முன்பே இருந்தது. கோளாறு அங்கேதான் ஆரம்பம். கருவுக்குள் ஒரு கடிகாரம் ஓடுவதாக வைத்துக்கொண்டு, அதற்குச் சமன்பாடுகள் எழுதி, ஃபோர்ட்ரானில் ஒரு நீளமான ப்ரோகிராம் செய்து வைத்திருந்தேன். அதன்படி, முட்டையைச் சிறிது நேரம் அளவுக்கு மீறிச் சூடுபடுத்தினால் அந்த நேரத்தில் உருவாகும் முடிச்சு ஒன்று மட்டும் பழுதாகும். சின்னதாகும், அல்லது பக்கத்து முடிச்சோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு கடிகாரம் பழையபடி ஓடும். எத்தனையாவது முடிச்சு பழுதாகும் என்பதை ப்ரோகிராம் முன்கூட்டியே சொல்லும். அது சரியா என்று முட்டையில் பார்க்க வேண்டும்.

கணக்கு நான். முட்டை, அக்கா.

அக்கா எங்கள் ஆய்வகத்தின் டெக்னிஷியன், கத்தோலிக்கர். தோ பாயோவிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டார், அன்றைக்கே ஆறு டஜன் முட்டை திறப்பார். கேட்டால், "அது வேலை தம்பி, ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன்" என்பார். பேராசிரியர் எதிரில் என்னை டாக்டர் என்று கூப்பிடுவார். நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் தம்பி.

முட்டை ஓட்டில் ஐந்து காசு அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, மெல்லிய ஊசியால் கருவுக்கு அடியில் கறுப்பு மை செலுத்துவார். கறுப்பின் மேல் முடிச்சுகள் பளிச்சென்று தெரியும். எண்ணுவார், ஜன்னலை டேப் ஒட்டி மூடுவார், பெட்டியில் திரும்ப வைப்பார். மறுநாள் கரு உயிரோடு இருக்கும். அதே காரியத்தை நான் செய்தால் ஆம்லெட்டுக்கு முந்திய கட்டத்தில் வந்து நிற்கும்.

பதினேழு வருடம் அந்த மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தவருக்குச் சான்றிதழ் மட்டும் கிடையாது. பள்ளியைப் பாதியில் விட்டு வேலைக்கு வந்தவர். அந்த வருடம் துறையில் புதிதாக ஒரு விதி வந்தது. டிப்ளோமா இல்லாத டெக்னிஷியன்களின் கைத்திறனைப் பேராசிரியர் மதிப்பிட்டு எழுத வேண்டும். நன்றாக எழுதினால் சீனியர் டெக்னிஷியன். இல்லையென்றால் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் குடுவைகள் கழுவும் அறை. அக்கா மைக்ராஸ்கோப்பில் இருப்பாரா, கழுவும் அறைக்குப் போவாரா என்பது ஒரு தாளில் இருந்தது. அந்தத் தாளில் என்ன ஏறும் என்பது, அவரோடு தினமும் வேலை செய்கிறவன் என்ற முறையில், பெரும்பாலும் என் வாயில் இருந்தது.

இனி என் படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா எண்ணுவதைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க நானே ஒரு படிவம் தயாரித்தேன். ஒரு கருவுக்கு ஒரு வரி. முட்டை எண், சூடுபடுத்திய நேரம், அப்போது இருந்த முடிச்சுகள், கடைசிக் கட்டத்தில், பழுதான முடிச்சின் எண். அதற்கு ஒரே ஒரு கட்டம், ஏனென்றால் என் கணக்கில் பழுது ஒன்றுதான். படிவங்கள் கம்ப்யூட்டர் நிலையத்துக்குப் போகும். அங்கே இருந்த பெண்கள் கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் தட்டுவார்கள். கட்டத்துக்கு வெளியே அவர்களுக்கு உலகம் இல்லை. மறுநாள் காலை, இரு ஓரமும் துளை போட்ட நீளத்தாளில் முடிவு வந்துவிடும். கோழியிடம் கேள்வி கேட்பதற்கு முன்பே பதிலின் நீள அகலத்தை நான் அச்சடித்து வைத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. படிவம் அழகாக இருப்பதாக இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள்.

இரண்டாவது வாரம் அக்கா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கூப்பிட்டார்.

"தம்பி, இதுல ரெண்டு எடத்துல கெட்டிருக்கு."

"ரெண்டா?"

"ஒண்ணு நீங்க சொன்ன எடம். இன்னொண்ணு கீழ. எண்ணிப் பாத்தா ஏழு தள்ளி."

"இடுக்கி முனை பட்டிருக்கும் அக்கா."

"பட்டிருக்கலாம்" என்றார். தன் கையைப் பற்றி அவர் அப்படி ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை, கடைசியும் அதுவே.

மறுநாள் மூன்று முட்டைகளில் அதே கதை. இரண்டில் ஏழு தள்ளி, ஒன்றில் ஆறு.

"டயர்டா இருக்கீங்களா அக்கா?"

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "டயர்டானா கை எங்க வேணும்னாலும் படும் லா. ஏழு ஏழா எண்ணிக்கிட்டா போய்ப் படும்?"

நான் சிரித்தேன். மாட்டிக்கொண்டால் சிரிப்பது அன்றும் இன்றும் என் பழக்கம்.

"இந்த ரெண்டாவதை எந்தக் கட்டத்துல போடறது?"

"கட்டத்துல முதல் நம்பர் மட்டும் போதும்."

"அப்ப ரெண்டாவது?"

"அது வேணாம் அக்கா."

"கோழி போட்டிருக்கு. வேணாம்னு சொல்ல நான் யாரு?" என்று சொல்லிவிட்டு, படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் அந்த எண்ணைச் சின்னதாக எழுதினார். அடுத்தடுத்த வாரங்களில் அப்படியே எழுதிக்கொண்டு போனார். தட்டச்சுப் பெண்கள் அதைப் பார்க்கவில்லை. நான் பார்க்க மறுத்தேன்.

வரைபடம் என்னவோ பிரமாதமாக வந்தது. ப்ரோகிராம் சொன்ன புள்ளிகளும் அக்கா எண்ணிய புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. பேராசிரியர் அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். அவர் சீனர், இங்கிலாந்தில் படித்தவர், குரலை உயர்த்தாதவர், நியாயமானவர். நியாயமானவர்களிடம் ஒரு தொல்லை உண்டு. நாம் சொல்வதை நம்பிவிடுவார்கள்.

ஆனால் ஏழு என்ற எண் என்னை விடவில்லை. ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து அக்கா போன பிறகு, பெட்டியிலிருந்து பத்து முட்டைகள் எடுத்து நானே ஜன்னல் வெட்டினேன், மை செலுத்தினேன், சூடுபடுத்தினேன். மறுநாள் காலை அவர் கோயிலில் பூசையில் இருக்கும் நேரத்தில் போய்த் திறந்தேன். ஆறு செத்திருந்தன. மிச்சம் நாலு. மூன்றில் ஏழு தள்ளி, ஒன்றில் ஆறு தள்ளி, இரண்டாவது பழுது.

என் கையும் அக்காவின் கையும் ஒரே தப்பைச் செய்யக்கூடிய கைகள் அல்ல. ஆகவே அது கையின் தப்பே அல்ல. என் கணக்கில் கரு அடிபட்டதை உடனே மறந்துவிடுகிறது. நிஜக் கருவோ பத்துப் பதினோரு மணி நேரம் கழித்து மறுபடி ஒரு முறை தடுமாறுகிறது. அந்த ஆய்வகத்தில் அதுவரை யாரும் பார்த்தவற்றில் அதுதான் பெரிய விஷயமாக இருந்திருக்கும். அதைப் பார்த்தவர் அக்கா. நாலு முட்டைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு நான் யோசித்தது வேறு. ப்ரோகிராம் முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். ஒப்பந்தம் புதுப்பிக்க மூன்று வாரம் இருக்கிறது. ஓடுகளைக் குப்பைக்கூடையின் அடியில் தள்ளி, மேலே பழைய தாள்களைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மனைவி வடை சுட்டிருந்தாள். எல்லோரையும்விட அதிகமாகத் தின்றேன்.

புதன்கிழமை பேராசிரியர் படிவக் கட்டோடு வந்தார். அக்கா மைக்ராஸ்கோப்பில் இருந்தார்.

"ஓரத்தில் பென்சிலில் இருக்கும் இந்த எண்கள் என்ன?" என்று ஆங்கிலத்தில் என்னைத்தான் கேட்டார்.

"கையாளும்போது ஏற்பட்ட சேதம்" என்றேன்.

"அடிக்கடி ஏற்படுகிறதா?"

"சில நேரங்களில்." எப்போதும் என்று சொல்லாமல் சில நேரங்களில் என்று சொன்னேன். அதையும் அன்று என் கருணைக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அறையில் நாங்கள் இருவர் மட்டும்.

"நீங்க பாத்தீங்களா?" என்று அக்கா கேட்டார்.

"எதை?"

"ரெண்டாவதை. உங்க கண்ணால."

"இல்லக்கா."

அவர் மைக்ராஸ்கோப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "சரிங்க டாக்டர்" என்றார். பேராசிரியர் அங்கே இல்லை.

அவருடைய மதத்தில், சேவல் கூவுவதற்குள் தன் குருவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீடர் ஒருவர் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் எந்தக் கோழியும் ஐந்தாம் நாளைத் தாண்டியதில்லை. அதனால் எனக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

மாதக் கடைசியில் தாள் போயிற்று. அதில் 'கையாளுவதில் சேதம் ஏற்படுகிறது' என்று ஒரு வரி இருந்தது. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அக்கா கீழ்த்தளத்துக்குப் போனார். ரப்பர் கையுறையும் ஆவியுமாக ஒரு நீளமான அறை. நான் ஏதாவது ஒரு குடுவை கேட்கிற சாக்கில் இறங்கிப் போவேன். "எந்த சைஸ் டாக்டர்?" என்று கேட்டு எடுத்துக் கொடுப்பார். அந்த மாதத்தில் எனக்குத் தேவைப்படாத குடுவைகள் மேஜையில் பதினொன்று சேர்ந்தன.

அவர் இடத்துக்கு டிப்ளோமா வாங்கிய ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், உழைப்பாளி. ஆனால் அவளிடம் டிப்ளோமா இருப்பது முட்டைகளுக்குத் தெரியவில்லை. திறந்ததெல்லாம் செத்தது. நான் யாருக்கும் சொல்லாமல் படிவத்தில் இரண்டாவது கட்டம் ஒன்று சேர்த்து வைத்தேன். மூன்று மாதம் அதில் எழுத எதுவும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்தேன். பூசை முடிந்து நேராக வந்திருந்தார், நல்ல சேலையில். நண்டுக் கடையில் நின்று ஒவ்வொரு நண்டாக வயிற்றை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத் தரையில் வழுக்காமல் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, நான் பாத்தேன்."

"எதை? நண்டையா?"

"ரெண்டாவதா கெட்ட முடிச்சை. அன்னிக்கு நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே. பத்து முட்டை எடுத்து நானே பாத்தேன்."

"தெரியும்" என்றார், நண்டைக் கீழே வைக்காமல். "திங்கக்கிழமை பெட்டியில பத்து கொறைஞ்சுது. குப்பையில ஓடு கெடந்துச்சு. நாய் கடிச்ச மாதிரி ஜன்னல் வெட்டறது அந்த பில்டிங்லயே ஒருத்தர்தான்."

"தெரிஞ்சுமா என்கிட்ட கேட்டீங்க?"

"தெரிஞ்சுதான் கேட்டேன்."

"நீங்களே ப்ரொபசர்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"டாக்டர் இல்லைங்கறாரு, டெக்னிஷியன் ஆமாங்கறா. எதை எடுப்பாரு?" நண்டுக்காரரிடம் நாலைத் தனியாக வைக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? நான் என்ன ஃபாதரா, பாவசங்கீர்த்தனம் கேட்டு அனுப்பி வைக்க? எங்க சொல்லணுமோ அங்க போயிச் சொல்லுங்க."

மறுநாள் காலை பேராசிரியரின் அறைக்குப் போனேன். சுவரில் என் வரைபடம் இன்னும் இருந்தது. ஓரத்து எண்கள் சேதம் அல்ல, நிஜம் என்றேன். கரு இரண்டு முறை தடுமாறுகிறது, என் கணக்குத்தான் தப்பு, அக்கா எழுதியது சரி என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பென்சில் எடுத்து ஏழையும் ஒன்றரையையும் பெருக்கினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

"உடனே அவரை மேலே கூப்பிட்டுக்கொள்வோம்" என்றார். பிறகு, "நீ இதை எப்போது பார்த்தாய்?" என்று கேட்டார்.

சந்தேகத்தில் கேட்கவில்லை. ஆர்வத்தில் கேட்டார். வரும் வழியில் பஸ்ஸில் பதில் ஒத்திகை பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, பத்து முட்டை, நீங்கள் கேட்பதற்கு மூன்று நாள் முன்பு, தெரிந்தேதான் பொய் சொன்னேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"போன வாரம்" என்றேன்.

"அப்படியானால் அன்று நாம் இருவரும் நல்லெண்ணத்தில்தான் தவறியிருக்கிறோம்" என்றார். "அந்தத் தாள் மேலே போய்விட்டது. யாராவது தெரிந்தே தவறாகச் சொல்லியிருந்தால் அதைத் திரும்ப வாங்கித் திருத்தலாம். இது அப்படி இல்லையே. அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்வோம்." சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடமும் என்னுடையதாக இருந்தது. நான் சுவரில் என் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி இறங்கிக் கழுவும் அறைக்குப் போனேன்.

"சொல்லிட்டேன் அக்கா."

அவர் கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினார். "எல்லாத்தையுமா? அன்னிக்கு நீங்க பாத்ததையும் சேத்தா?"

"எல்லாத்தையும்."

"என்ன சொன்னாரு?"

"உங்களை மேல வரச் சொன்னாரு. நாளைக்கே."

"அந்தப் பேப்பரு?"

"அது போயிடுச்சாம். அடுத்த தடவைன்னாரு."

அக்கா குழாயை இறுக மூடினார். "நீங்க இவ்வளவு தூரம் போயிச் சொல்லியும் மாத்த மாட்டேன்னுட்டாரா. நல்ல மனுசன்னு நெனச்சேன்" என்றார். பிறகு முகம் மாறிற்று. "உங்களை ஒண்ணும் சொல்லிடலையே தம்பி? வேலைக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன முழு உண்மை.

மறுநாள் அவர் மைக்ராஸ்கோப்புக்கு வந்தார். கருக்கள் பிழைத்தன. இரண்டு கட்டங்களும் நிரம்பின. ப்ரோகிராமைத் திருப்பி எழுதினேன், கட்டுரை வந்தது. மேலே பேராசிரியர் பெயரும் என் பெயரும், கீழே பொடி எழுத்தில் டெக்னிஷியனுக்கு நன்றி. அடுத்த சுற்று வருவதற்கு இரண்டு வருடம் ஆயிற்று. அதுவரை அவர் வெறும் டெக்னிஷியன், பக்கத்து மேஜை டிப்ளோமாப் பெண் சீனியர். அவளுக்கு ஜன்னல் வெட்டக் கற்றுக்கொடுத்தவர் அக்கா. அந்த இரண்டு வருடமும் பேராசிரியரைப் பார்த்தால் அக்கா வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். முன்பெல்லாம் அவருக்குத் தனியாகக் கேக் கொண்டு வருவார். ஒரு முறை பேராசிரியர் என்னிடம், "அவருக்கு என் மேல் ஏதாவது வருத்தமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

அக்கா மேலே திரும்பி வந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு என்னையும் மனைவியையும் தோ பாயோ வீட்டுக்கு மதிய உணவுக்கு அழைத்தார். எட்டாவது மாடி. லிஃப்ட் அந்த மாடியில் நிற்காததால் ஒரு மாடி நடந்து ஏறினோம். கதவைத் திறந்த அவர் கணவரிடம், "இவருதான் நான் சொன்ன தம்பி. தன் வேலை போனாலும் பரவால்லன்னு எனக்காகப் போயிச் சொன்னவரு" என்றார் அக்கா. கணவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இந்தக் காலத்துல யாருங்க செய்வா" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. இதையெல்லாம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பது போலவும், சொல்லாததே பெருமை என்பது போலவும் இருந்தது அந்தப் பார்வை.

அன்னாசி டார்ட் வந்தது, நண்டு வந்தது, பிறகு ஒரு பெரிய சட்டியில் கோழிக் குழம்பு வந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். இரண்டு முறையும் அக்கா அதைப் பசி என்று எடுத்துக்கொண்டார்.

"என்ன தம்பி கூச்சப்படறீங்க? இன்னொரு துண்டு போட்டுக்குங்க."

நான் தட்டை நீட்டினேன்.